அறுத்துச் சேர்த்த கோயில்

திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஊசிக் கோபுரம் என்றால் ஒன்றுதான். பாளையங்கோட்டையில் ரேனியுஸ் பாதிரியார் 1826-ம் வருஷம் எழுப்பிய பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் கோபுரம் அது. நானும் தம்பியும் சிறுவர்களாக இருந்தபோது டவுனிலிருந்து அப்பாவோடு பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போவோம். சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மரங்களுக்கு மேலே ஊசியின் நுனி தெரியும். யார் முதலில் பார்த்து, "அதோ ஊசி!" என்று கத்துகிறானோ அவனுக்குத் திரும்பி வரும்போது ஜன்னலோர இடம். எங்களுக்குள் எழுதாத சட்டம் அது. பெரும்பாலும் தம்பிதான் ஜெயிப்பான். அவனுக்குக் கண் கூர்மை. எனக்கு அப்போதே பார்வை மந்தம். அதனால்தான் எழுத்தாளனாகப் போனேன் என்று வீட்டில் சொல்வார்கள்.

முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, அமெரிக்காவில், தம்பியின் காரில் ஜன்னலோரமாக உட்கார்ந்து நான் இன்னொரு பாலத்தைக் கடந்தேன். கடல் மேலே வெகு உயரத்தில் போகிற பாலம். அது இறங்குகிற இடத்தில் நியூப்போர்ட் என்கிற சிறிய நகரம். கூரைகளுக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஓர் ஊசிக் கோபுரம் நின்றது. நான் பார்த்தேன். தம்பியும் பார்த்தான். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

காரணம் இருந்தது. நாங்கள் இருவரும் ஆறு மாதமாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அப்பா காலமான பிறகு டவுனில் இருக்கிற எங்கள் வீட்டைப் பாகம் செய்வது என்று ஏற்பட்டது. பழைய வீடு, தார்சா, பட்டாசல், இரண்டாங் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். கொத்தனார் வந்து பட்டாசலின் நடுவில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டுவிட்டுப் போனார். சுவர் அங்கே எழும்ப வேண்டும். கோடு நேரே அப்பாவின் சாய்வு நாற்காலிக்குக் கீழே போயிற்று. நாற்காலியை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவைத்தேன். தம்பி தன் பாகத்தை விற்றுவிடப் போவதாகச் சொன்னான். நான் போனில் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொன்னேன். பிறகு ஒரு தமிழ்ச் சங்கத்தார் கதை வாசிக்க அழைத்த சாக்கில் விமானம் ஏறினேன். பெட்டியின் அடியில், சட்டைகளுக்குக் கீழே, தம்பி கையெழுத்து வைக்க வேண்டிய பத்திரம் இருந்தது.

பிராவிடென்ஸ் நகரத்தில் இருக்கிறது அவன் வீடு. மூன்று நாள் அவனும் அதைக் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. நாலாம் நாள் தம்பி மனைவி, "அத்தானை எங்கேயாவது கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன்" என்று இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அப்படித்தான் நியூப்போர்ட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

ஊரில் ஜனத்தொகை சுமார் 25,000. நம் பக்கத்துக் கணக்கில் ஒரு பெரிய பேரூராட்சி. ஆனால் பழமையான ஊர், 1639-ல் உண்டானது. மற்ற இடங்களில் மதக் கெடுபிடி தாங்காமல் வந்தவர்களுக்கெல்லாம் ரோட் ஐலண்ட் இடம் கொடுத்தது. குவேக்கர்கள் 1699-ல் கட்டிய கூட்ட வீடு இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் நிற்கும் யூத ஜெப ஆலயக் கட்டடங்களுக்குள் மிகப் பழையதும் இங்கேதான். 1763-ல் பிரதிஷ்டை ஆனது. இத்தனைக்கும் நடுவில், லண்டனில் ராஜாவின் மதமாகக் கொடி கட்டிப் பறந்த இங்கிலாந்துச் சபை, இந்த ஊரில் பத்தோடு பதினொன்றாக, சிறுபான்மையாக, 1698-ல் கூடத் தொடங்கியது. அதுதான் இந்த ஊசிக் கோபுரத்துச் சபை. கோயிலின் பெயர் டிரினிட்டி, அதாவது திரித்துவம். பாளையங்கோட்டையிலும் திரித்துவம், இங்கேயும் திரித்துவம். ஒரே பெயர், ஒரே ஊசி.

சொந்தம் அதோடு நிற்கவில்லை. இந்தக் கோயிலில் 1704 முதல் 1750 வரை பாதிரியாராக இருந்தவர் ஜேம்ஸ் ஹனிமன். அவரை அனுப்பியது லண்டனில் 1701-ல் ஏற்பட்ட சுவிசேஷப் பிரசார சங்கம். நம் ஊரில் எஸ்.பி.ஜி. என்று மூன்றெழுத்தில் சொல்வார்களே, அதேதான். பிற்காலத்தில் இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847-ல் தொடங்கி 1880 வரை முப்பத்து மூன்று வருஷம் ஒரு கோயில் கட்டினார் அல்லவா, அவரும் அந்தச் சங்கத்து ஆள்தான். ஹனிமனை அட்லாண்டிக் கடற்கரையிலும் கால்டுவெல்லைத் தேரிக்காட்டிலும் உட்கார வைத்தது ஒரே சங்கம் என்று நினைத்தபோது, அந்நிய இடத்தில் ஊர்க்காரரைச் சந்தித்த மாதிரி இருந்தது.

'எபிஸ்கோப்பல்' என்பது அமெரிக்காவில் இந்தச் சபைக்கு ஏற்பட்ட பெயர். கிரேக்க மொழியில் மேலிருந்து பார்த்துக்கொள்பவர் என்று பொருள். தமிழ் வேதாகமத்தில் 'கண்காணி' என்று இருக்கிறது. பிஷப் உள்ள சபை என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோயிலின் கோபுர உச்சியில் பிஷப் அணியும் கூர்முடி ஒன்றைப் பொன் வர்ணத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஆங்கில ஆட்சி இருந்த காலம் முழுவதும் அமெரிக்காவுக்கு ஒரு பிஷப்பைக்கூட லண்டன் அனுப்பவில்லை. கிரீடம் மேலே தயாராக இருந்தது, தலைதான் வரவில்லை.

கட்டடத்துக்கு வருகிறேன். இப்போது நிற்கும் கோயில் 1726-ல் முடிந்தது. கட்டியவர் ரிச்சர்ட் மண்டே. இவர் பட்டம் பெற்ற சிற்பியல்ல, தச்சர். சிலகாலம் விடுதியும் நடத்தியிருக்கிறார். 1666-ல் லண்டன் தீப்பற்றி எரிந்த பிறகு கிறிஸ்டபர் ரென் என்ற மேதை அங்கே ஐம்பதுக்கு மேற்பட்ட கோயில்களைக் கட்டினார். அந்தப் பாணி பாஸ்டன் நகரத்துக்கு வந்தது. 1723-ல் அங்கே ஒரு கோயில் செங்கல்லில் எழத் தொடங்கியது. அதன் சாயலை வைத்துக்கொண்டு மண்டே இங்கே மரத்தில் கட்டினார். லண்டனில் கல், பாஸ்டனில் செங்கல், நியூப்போர்ட்டில் பலகை. ராகம் ஒன்று; வாத்தியம் வேறு.

உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இது ஜனங்களுக்குக் காது கேட்பதற்காகக் கட்டிய வீடு என்பதுதான். ரென்னின் கொள்கையே அது. எங்கே உட்கார்ந்தாலும் பிரசங்கம் கேட்க வேண்டும், பிரசங்கியின் முகம் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் சதுரத் தூண்கள் வரிசையாக நின்று மாடிகளைத் தாங்குகின்றன. அவற்றின் மேல் இன்னொரு அடுக்குத் தூண்கள் வளைந்த மேல்தட்டைத் தாங்குகின்றன. உயரமான வளைவுச் சன்னல்கள். சிலவற்றில் மட்டும், பின்னால் வந்த கோடீஸ்வரக் குடும்பங்கள் தங்கள் வீட்டாரின் நினைவாகப் பதித்த வண்ணக் கண்ணாடி. மற்றபடி வெளிச்சம் வெளிச்சமாகவே உள்ளே வருகிறது.

நட்ட நடுவில், பீடத்தை மறைத்துக்கொண்டு, மூன்றடுக்குப் பிரசங்க மேடை. கீழ்த்தட்டு, மறுமொழி சொல்லும் குமாஸ்தாவுக்கு, நடுத்தட்டு, வேதம் வாசிக்க, மேல்தட்டு, பிரசங்கத்துக்கு. அதற்கும் மேலே, குரல் கூரைக்குப் போய்விடாமல் ஜனங்கள் பக்கம் திருப்பிவிட ஒரு மரக்குடை தொங்குகிறது. அமெரிக்காவில் இப்படி நடுப்பாதையில், பீடத்துக்கு முன்னால் நிற்கும் மூன்றடுக்கு மேடை இது ஒன்றுதானாம். நம் ஊர்க்காரனுக்கு நந்தி ஞாபகம் வராமல் இருக்காது. திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகிற்று. இங்கே மேடை விலகவில்லை. விலகும்படி யாரும் கேட்கவும் இல்லை. சாமியைப் பார்ப்பதைவிடச் சாமியைப் பற்றிக் கேட்பது முக்கியமாக இருந்த காலம்.

தரை முழுவதும் பெட்டி பெட்டியாக ஆசனங்கள். ஒவ்வொன்றுக்கும் இடுப்பளவுக்கு மேல் பலகைச் சுவர், கதவு, எண். குளிர்காலத்தில் கால் பக்கம் காற்றடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆனால் குளிர் மட்டும் காரணமல்ல. அந்தக் காலத்தில் இந்தப் பெட்டிகளைக் குடும்பங்கள் விலை கொடுத்து வாங்கின. நம் மனைக்கட்டு மாதிரி அது சொத்து. விற்கலாம், பிள்ளைக்கு எழுதிவைக்கலாம். வருஷா வருஷம் அதற்கு வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் கூரையும் மணியும் நின்றன. 81-ம் எண் பெட்டியில் 1781-ல் ஜார்ஜ் வாஷிங்டன் உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். வழிகாட்ட வந்த மூதாட்டி அதன் கதவைத் திறந்து எங்களை உட்காரச் சொன்னார். நானும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம். நடுவில் இரண்டு பேர் உட்காருகிற இடம் காலியாக இருந்தது.

"இதையும் பாகம் பிரிச்சிருப்பாங்களோ?" என்றேன். அன்றைக்கு நான் பேசிய முதல் முழு வாக்கியம்.

"எண் போட்டிருக்கே" என்றான் தம்பி.

பின்பக்கம் மாடியில் ஓர் ஆர்கன் இருக்கிறது. அதன் கூட்டுக்கு மேலே ஒரு கிரீடமும் இரு பக்கம் இரண்டு கூர்முடிகளும். லண்டனில் ரிச்சர்ட் பிரிட்ஜ் என்பவர் செய்தது, 1733-ல் வந்தது. அதைப் பொருத்த உதவி, சிறிது காலம் வாசித்தவர், ஜெர்மானிய இசைமேதை பாகெல்பெலின் மகன். அனுப்பி வைத்தவர் தத்துவ ஞானி ஜார்ஜ் பார்க்லி.

கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கும் பார்க்லியின் பெயர் தெரியும். பார்க்கப்படாத வஸ்து இல்லாத வஸ்து என்று அவர் சொன்னதாக எங்கள் தர்க்க ஆசிரியர் மேஜையைத் தட்டிக் காட்டுவார். அந்த மனிதர் 1729 முதல் 1731 வரை நியூப்போர்ட்டில் குடியிருந்தார், இந்த மேடையில் ஏறிப் பிரசங்கம் செய்தார் என்பது எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது. பெர்முடாத் தீவில் ஒரு கல்லூரி கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. பார்லிமெண்டு 20,000 பவுன் தருவதாக வாக்களித்திருந்தது. அதை நம்பி மனைவியோடு கப்பலேறி வந்து, பக்கத்தில் ஒரு பண்ணை வாங்கி, பணம் வரும் வரும் என்று காத்திருந்தார். வரவே இல்லை. 1731-ல் பிறந்த பெண் குழந்தை லூசியா இறந்துபோனாள். அவளை இந்தக் கோயில் முற்றத்தில் புதைத்துவிட்டு ஊர் திரும்பினார். திரும்பிப் போனவர் கசப்பை அனுப்பவில்லை, ஆர்கனை அனுப்பினார்.

அவருக்குப் பணம் வரவில்லை, கட்டடம் எழவில்லை, அது நியாயம். எனக்குத் தெரிந்த ஓர் ஆசாமிக்குப் பணம் வந்தது, வேலைதான் நடக்கவில்லை. அந்த ஆசாமியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பண்ணையை பார்க்லி 1732-ல் ஏல் கல்லூரிக்கு எழுதி வைத்தார். அடுத்த வருஷம் பெட்டி பெட்டியாகப் புத்தகங்களும் அனுப்பினார். ஏல் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு மதராஸ் வந்துவிட்டது. அந்தக் கல்லூரிக்குப் பெயர் கொடுத்த எலைஹு ஏல் நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். 1718-ல் அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கையும் புத்தகங்களையும் பெற்றுக்கொண்டு கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி கோயில் 1680-ல் பிரதிஷ்டை ஆயிற்று. அங்கே பதிவான முதல் கல்யாணம் இந்த ஏலின் கல்யாணம்தான். அவருக்கும் டேவிட் என்று ஒரு குழந்தை பிறந்து இறந்தது. அதன் சமாதி சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. இரண்டு கண்டத்தில் இரண்டு சின்னக் குழிகள்.

கோட்டைக் கோயிலையும் நான் பார்த்திருக்கிறேன். அதைக் குண்டு விழுந்தாலும் அசையாதபடி, மேல்தளத்தை வளைவாக, கனத்த செங்கல்லில் கட்டியிருக்கிறார்கள். கூரைக்கு மரமே கிடையாது. பயந்தவன் கட்டிய கோயில் அது. நியூப்போர்ட் கோயிலோ முழுக்க மரம். தீக்குச்சிக்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும்.

இந்த அழகான பெட்டிகளை வாங்கியவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? துறைமுகத்திலிருந்து வந்தது. 1709-க்கும் 1807-க்கும் நடுவே ரோட் ஐலண்டு வியாபாரிகளின் அடிமைக் கப்பல்கள் 900-க்கும் அதிகமான தடவை ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கின்றன. அவை ஏற்றிக்கொண்ட மனிதர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் நியூப்போர்ட்டுக்குப் பெரும் பங்கு. அடிமைகளுக்குக் கோயிலில் மாடியில்தான் இடம். பார்க்லியே தம் பண்ணைக்கு ஆட்களை விலைக்கு வாங்கினார்; பிறகு இந்தக் கோயிலில் அவர்களுக்கு ஞானஸ்நானமும் கொடுத்தார். ஞானஸ்நானம் கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை. ஏல் ஆண்ட நாளில் மதராஸிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியிருக்கிறார்கள். டப்ளின் நகரத்து டிரினிட்டிக் கல்லூரி தன் நூலகத்திலிருந்து பார்க்லியின் பெயரை 2023-ல் எடுத்துவிட்டது. ஏல் பல்கலைக்கழகம் 2024-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. முந்நூறு வருஷம் தாமதமானாலும் கணக்கு என்று ஒன்றை யாராவது ஒரு நாள் எடுத்து விரித்துத்தான் தீர வேண்டியிருக்கிறது. நான் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு என்ற வார்த்தை மட்டும் மனசில் முள் மாதிரி நின்றது.

சுதந்திரப் போராட்டம் வந்தது. 1776 டிசம்பரில் ஆங்கிலப் படை ஊரைப் பிடித்தது. மற்றவர்களின் கூட்ட வீடுகள் சிப்பாய்களுக்குக் கொட்டகையாகவும் ஆஸ்பத்திரியாகவும் மாறின. இது ராஜாவின் சபை என்பதால் தப்பியது. 1779 அக்டோபரில் ஆங்கிலேயர் போனதும், ராஜாவின் சபை என்பதாலேயே உதை விழுந்தது. சில இளைஞர்கள் உள்ளே புகுந்து பீடத்தின் மேலிருந்த ராஜமுத்திரையைப் பிடுங்கிப்போய்த் துப்பாக்கி சுடப் பழகினார்கள். ஆர்கன் மேலிருந்த கிரீடமும் கோபுர உச்சிக் கூர்முடியும் தப்பின. அடுத்த வருஷம் அமெரிக்காவுக்கு உதவ பிரெஞ்சுப் படை வந்தது. அதன் கடற்படைத் தளபதி தெர்னே 1780 டிசம்பரில் காய்ச்சலில் இறந்தார். அவர் கத்தோலிக்கர்; ஊரில் கத்தோலிக்கக் கல்லறையே இல்லை. அவரை இந்தக் கோயில் முற்றத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

யுத்தம் முடிந்தது. இனி ராஜாவுக்காக ஜெபம் செய்ய முடியாது. ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்காமல் லண்டனில் பிஷப் பட்டமும் கிடையாது. சாமுவேல் சீபரி என்ற பாதிரியார் ஸ்காட்லாந்துக்குப் போய் 1784-ல் அபர்டீன் நகரத்தில் பட்டம் வாங்கி வந்தார். அமெரிக்காவுக்குத் தலை வந்தது அப்போதுதான்.

இத்தனையும் கேட்டுவிட்டுப் புறப்படுகிற சமயம். மூதாட்டி போகிற போக்கில், "இந்தக் கோயிலை ஒரு தடவை இரண்டாக அறுத்தார்கள், தெரியுமா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "எதற்கு? தகராறா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இடம் போதவில்லை" என்றார்.

1762-ல் நடந்தது அது. சபை பெருத்துவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு ஆசனம் இல்லை. இடித்துப் பெரிதாகக் கட்டலாம். அல்லது இன்னொரு கோயில் கட்டிப் பிரிந்து போகலாம். இரண்டையும் செய்யாமல், கோயிலைக் குறுக்கே அறுத்து, பின்பாதியை அப்படியே பின்னால் நகர்த்தி, நடுவில் உண்டான இடைவெளியில் இரண்டு கட்டுகளைச் சேர்த்து மூடிவிட்டார்கள்.

தம்பி என்ஜினீயர். அதுவரை வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று எழுந்து தூண்களுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தான். தூணைத் தட்டினான். சன்னலை எண்ணினான். "அண்ணே, இங்க வாங்க" என்று கூப்பிட்டான். ஆறு மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த 'அண்ணே'.

"நம்ம வீட்டுக் கட்டு மாதிரிதான் இது. இந்தத் தூண் ஜோடியும் மேல போற உத்தரமும் சேர்ந்து ஒரு சட்டம். அடுத்த ஜோடி அடுத்த சட்டம். ஆப்பும் துளையுமா பூட்டியிருப்பாங்க. ரெண்டு சட்டத்துக்கு நடுவுல இருக்கிறது வெறும் பலகைதான். பலகையை அறுத்துட்டா ஒவ்வொரு பாதியும் தன்னால நிக்கும். உருளை போட்டு இழுத்திருப்பாங்க. கல்லுக் கட்டடத்துல இது நடக்காது."

"அறுத்த இடம் எது?"

இருவரும் தேடினோம். அவன் தரையில் குந்திப் பார்த்தான். நான் அண்ணாந்து பார்த்தேன். தூண்கள் ஒரே மாதிரி. சன்னல்கள் ஒரே மாதிரி. 1726 எங்கே முடிகிறது, 1762 எங்கே தொடங்குகிறது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. மண்டேயின் வேலையைப் பின்னால் வந்த தச்சர்கள் அவ்வளவு மரியாதையாகப் பின்பற்றியிருக்கிறார்கள். தங்கள் கெட்டிக்காரத்தனம் தெரிய வேண்டும் என்று ஒரு பூவேலைகூடக் கூடுதலாகச் செய்யவில்லை. எழுத்தாளனாகிய எனக்கு அது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

நாங்களும் வீட்டை அறுக்கத்தான் கோடு போட்டோம். இவர்கள் அறுத்தது நாலு பேர் கூட உட்கார. எங்கள் கோட்டில் அப்பாவின் நாற்காலிக்குக்கூட இடமில்லை.

வெளியே வந்தோம். கோயிலுக்கு முன்னால் துறைமுகம் வரை இறங்கும் புல்வெளி. ஆன் ராணி சதுக்கம் என்று பெயர். 1976-ல் இரண்டாம் எலிசபெத் ராணி வந்து திறந்துவைத்தார். ஒரு காலத்தில் அந்த இடம் நெருக்கமான வீடுகள் இருந்த தெருக்கள். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரை வடிவமைத்த மாயா லின் 2013-ல் இந்தப் புல்வெளியில் மூன்று வீட்டு அஸ்திவாரங்களைக் கல்லால் கட்டிவைத்திருக்கிறார். வீடு கிடையாது, அஸ்திவாரமும் வாசற்படியும் மட்டும். ஜனங்கள் அதன் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள், குழந்தைகள் தாண்டிக் குதிக்கின்றன. நாங்களும் ஒன்றின் மேல் உட்கார்ந்தோம். கூரையில்லாத வீட்டின் கல் மேல் உட்கார்ந்ததாலோ என்னவோ, எனக்கு வாய் வந்தது.

முன்னே சொன்ன ஆசாமி நான்தான். மூன்று வருஷத்துக்கு முன் மழையில் வீடு ஒழுகியது. ஓடு மாற்றுவதற்கென்று தம்பி இரண்டு லட்ச ரூபாய் அனுப்பினான். அதே மாதத்தில் என் நாவல் ஒன்றைப் பதிப்பகத்தார் திருப்பி அனுப்பியிருந்தார். ஒரு பாதிக்கு ஓடு மாற்றினேன். மறு பாதிப் பணத்தில் நாவலை நானே அச்சடித்தேன். விற்றதும் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். விற்கவில்லை. புத்தகக் கட்டுகள் மச்சில் இருக்கின்றன. ஓடு மாற்றாத பாதியில்தான் மச்சு இருக்கிறது. ஆகையால் அவையும் நனைந்தன. தம்பி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாத கணக்கு வளர்ந்துதான் பட்டாசலில் கோடாக விழுந்தது என்பது எனக்கு உள்ளூரத் தெரியும். இருந்தும் போனில் அவனைத்தான் பணப்பேய் என்றேன்.

"தம்பி, அந்த ஓட்டுக் காசு…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"நாவல் போட்டீங்க. ஒரு பிரதி வரவழைச்சுப் படிச்சேன்."

எழுத்தாளன் புத்தி எங்கே போகும்? அந்த நிமிஷத்திலும் நான் கேட்டேன்: "எப்படி இருந்தது?"

அவன் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஓடே மாத்தியிருக்கலாம்."

நான் சிரிக்கவில்லை. அவன் சிரித்தான். சிறிது நேரம் கழித்து, "காசு போனா போகுதுண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அந்த வீட்டுல நான் ஒரு ஆளுன்னு நினைச்சிருந்தா சொல்லியிருப்பீங்க. நான்தான் எங்கேயோ மாடியில உக்காந்திருக்கேனே" என்றான். அவன் கோயில் மாடியைச் சொன்னானா, வேறு எதைச் சொன்னானா, நான் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் கீழே பெட்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் யார் என்பதும் தெரியும்.

திரும்பும்போது பாலத்தின் மேல் ஏறியதும் தம்பி முன்கண்ணாடியைப் பார்த்து, "அண்ணே, ஊசி" என்றான். இந்தத் தடவையும் அவனே ஜெயித்தான். ஆனால் கார் ஓட்டுகிறவனுக்கு வேறு ஜன்னல் எப்படிக் கொடுப்பது? சட்டம் அந்த இடத்தில் மௌனமாக இருந்தது.

பத்திரம் பெட்டியின் அடியிலேயே ஊருக்குத் திரும்பி வந்தது. கையெழுத்து இல்லை, கிழிக்கவும் இல்லை. நாளைக்கு அந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்று சொல்ல நான் ஜோசியன் அல்ல. அவன் பிள்ளைகள் ஒரு காலத்தில் கேட்கலாம். என் பிள்ளைகளும் கேட்கலாம். கொத்தனார் மட்டும் ஒரு நாள் வந்து, "கோடு அழிஞ்சு போச்சே, மறுபடி போட்டுரவா?" என்று கேட்டார். முதலில் மிச்சப் பாதிக்கு ஓடு மாற்றிக் கொடுங்கள் என்றேன். இந்தத் தடவை என் பணம். ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக் கிடைத்தது.

வேலை முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதினேன். நாட்டு ஓடு இத்தனை, சட்டம் இத்தனை, ஆணி இத்தனை, ஆள் கூலி இவ்வளவு, காப்பிச் செலவு இவ்வளவு. முதல் தடவை அவன் அனுப்பிய பணத்தின் கணக்கையும், அச்சுக்கூலி உள்பட, ஒரு வரி விடாமல் எழுதிச் சேர்த்தேன். பக்கங்களைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: ஒரே மூச்சில் படித்துவிட்டானாம். கூட்டலில் ஒரு பிழைகூட இல்லையாம்.

இருபது வருஷமாக எழுதுகிறேன். என் எழுத்தில் அவன் குறை சொல்லாதது அது ஒன்றுதான்.